ஒரு நிமிஷ ஆட்டக்காரர்

இன்டர்வியூவுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் "சார், நான்..." என்றேன். "வேக்கன்சி கிடையாதும்மா" என்றார் அவர், கையிலிருந்த போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவரே கையெழுத்துப் போட்டு என்னை வரச் சொல்லி அனுப்பிய கடிதத்தை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "அப்போ ஒக்காரு" என்றார். ஒரு வருத்தம் கிடையாது, ஒப்புக்கு ஒரு அசட்டுச் சிரிப்புகூடக் கிடையாது. அப்படித்தான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருஷம் இருந்தேன்.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஷூ கம்பெனி அது. அவர் அங்கே பர்சனல் மேனேஜர். ஆள் எடுப்பது, லீவு, மெமோ, இடமாற்றம், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் நடக்கும். நான் அவருக்குக் கடிதம் அடிப்பவள். என் மேஜையை அவர் மேஜையின் பக்கவாட்டில் ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு இல்லை. எழுதினால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஆள்.

அந்தப் போனில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது செஸ். எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களோடு ஆடுகிற ஒரு நிமிஷ ஆட்டம். அவருக்கு ஒரு நிமிஷம், எதிராளிக்கு ஒரு நிமிஷம், அதற்குள் ராஜாவை மடக்க வேண்டும். மடக்காவிட்டாலும் யாருடைய நேரம் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். காலையில் பஞ்ச் அடித்துவிட்டு உட்கார்ந்தால் சாயந்திரத்துக்குள் முப்பது, நாற்பது ஆட்டம் ஆடுவார். நடுநடுவே ஆயிரம் பேருடைய பிழைப்பைப் பார்த்துக்கொள்வார்.

அந்த ஆட்டத்தில் ப்ரீமூவ் என்று ஒரு வசதி உண்டு. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம்முடைய அடுத்த நகர்த்தலைத் திரையில் போட்டு வைத்துவிடலாம். அவன் காயை வைத்த மாத்திரத்தில் நம் காய் தானாகப் போய்விடும். நம் கடிகாரத்தில் நேரமே குறையாது. அவன் என்ன ஆடினான் என்று நாம் பார்க்கவே தேவையில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதுதான் சாருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"முடிஞ்சிடுச்சிம்மா" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. "நீ சொல்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சி. அடுத்தது இன்னா?"

லீவு விண்ணப்பங்களில் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டு ஒரு கத்தை தயாராக வைத்திருப்பார். வெறும் படிவங்கள். பெயர்கூட நிரப்பாதவை. யாராவது லீவு கேட்டு வந்தால் அதில் ஒன்றை உருவி என்னிடம் தள்ளுவார். நான் பெயரை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இது என்ன அக்கிரமம் என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது மாதம் என் கை தானாகவே நிரப்ப ஆரம்பித்துவிட்டது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

தையல் பிரிவில் சரளா என்று ஒரு அக்கா. மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு டப்பா லட்டோடு வந்தார். "சார்..." என்று ஆரம்பித்ததுமே இவர், "கிடையாது, கிடையாது. இந்த மாசம் ஒருத்தருக்கும் கிடையாது, போம்மா" என்றார். சரளா அக்கா "சரிங்க சார்" என்று வெளியே வந்து, பின்னாலேயே வந்த எனக்கும் டைம் ஆபீஸில் இருந்தவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும் லட்டைக் கொடுத்துவிட்டு, "அவருக்குத்தான் வேணாமாம், நீங்க ஆளுக்கு ரெண்டா எடுத்துக்கோங்க" என்றார். உள்ளே சார் அடுத்த ஆட்டத்தில் இருந்தார். லட்டு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இதற்காவது சிரித்துவிடலாம். கஸ்தூரி விஷயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், மூணு நாள் லீவு வேணும். அம்மாவ வேலூர் ஆஸ்பத்திரில..." என்றாள் அந்தப் பெண். அவள் முடிப்பதற்குள் இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அடடா, எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டார். கஸ்தூரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெலவெலத்துப் போனாள். "சார், கண்ணுல புரை சார். ஆபரேஷன் சார். நல்லாத்தான் கீறாங்க" என்றாள். உடனே இவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. "புரைக்கு எதுக்கு மூணு நாளு? ஒரு நாள் போதும்" என்றார். உயிரோடு இருக்கிற அம்மாவைக் கொன்றார். சாகவில்லை என்று தெரிந்ததும் இரண்டு நாளைப் பிடுங்கிக்கொண்டார். எழவெடுத்த மனுஷன்!

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் யாரிடமும் கையூட்டு வாங்கியதில்லை. நல்ல குணத்தால் என்று நினைக்க வேண்டாம். எதிரே நிற்பவர் பைக்குள் கையை விடும்வரை காத்திருக்கிற பொறுமை அவருக்கு இல்லை.

அவருடைய ஆட்டத்தையே பக்கத்தில் பார்த்துப் பார்த்து எனக்கும் செஸ் பிடிபட்டுவிட்டது. இத்தனை ஆட்டம் ஆடுகிறாரே, பெரிய ஆட்டக்காரராக இருப்பார் என்று முதலில் நினைத்திருந்தேன். வெங்காயம். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆரம்பம். சிப்பாயைத் தள்ளுவார், மந்திரியை எடுப்பார், மூன்றாவதாக ராணியை வெளியே விடுவார். நாலாவதில் அடித்து ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். எதிராளி என்ன ஆடினாலும் இதேதான். ராணியை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டு, மேஜைமேல் விரலால் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்துக்கு நாலு பேர் ஏமாந்து தோற்பார்கள். விவரம் தெரிந்தவன் குதிரையை எடுத்து வைப்பான். இவர் ராணி கண்ணை மூடிக்கொண்டு நேரே போய் அந்தக் குதிரையின் வாயில் விழும்.

அப்போது அவருக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். "ஏன்டா குதிரைய எடுத்த? எவன்டா உன்ன எடுக்கச் சொன்னது?" என்று போனைப் பார்த்துக் கத்துவார். தான் பார்க்காமல் ஆடினோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தான் நினைத்தபடி அவன் ஆடவில்லை என்பதுதான் குற்றம்.

ப்ரீமூவ் நியாயமா இல்லையா என்பதில் அவரிடம் இரண்டு தீர்ப்புகள் இருந்தன. ஜெயித்தால், "டெக்னிக்குமா. எதிராளி மனசப் படிச்சி வெக்கணும்" என்பார். தோற்றால், "இதெல்லாம் ஒரு ஆட்டமா? நாம மூளைய வெச்சி ஆடறோம், அவன் போன வெச்சி ஆடறான். இத தடை பண்ணணும்" என்பார். காலையில் தடை பண்ணச் சொன்னதைப் பதினோரு மணிக்கு டீ குடித்துக்கொண்டே தானும் செய்வார். ஒருநாள் கேட்டே விட்டேன்: "அப்போ அது சரியா தப்பா சார்?" அவர் சிரிக்காமல் சொன்னார்: "நாம பண்ணா அனுபவம். அவனுங்க பண்ணா ஃப்ராடு."

எனக்கு அதில் ஒரு அபிப்பிராயம் உண்டு. ப்ரீமூவ் அநியாயம் இல்லை. பார்க்காமல் ஆடுகிறவன் தன் ராணியைப் பணயம் வைத்துத்தான் ஆடுகிறான். கணிப்புத் தப்பினால் போவது அவனுடைய ராணி. அதனால் கணக்கு நேராகிவிடுகிறது. சார் மேஜையில் நடந்தது வேறு. அங்கே அவர் பார்க்காமல் நகர்த்துவார், எதிரே நிற்பவருடைய ராணி போகும்.

டில்லிபாபு கதைக்கு வருகிறேன். இவ்வளவும் சொன்னதே அதற்காகத்தான்.

நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பையன். பையன் என்ன, கல்யாணமானவன், வயது இருபத்தாறு. டிப்ளமா படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் கிளிக்கிங்கில் இருந்தான். தோலின்மேல் இரும்பு அச்சை வைத்து மெஷினால் அழுத்தி வெட்டுகிற பிரிவு அது. ஒருநாள் மெஷின் அவன் வலது கையில் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் 'தொழிலாளியின் கவனக்குறைவால்' என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டார் சார். மெஷினையும் போய்ப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்றவர்களையும் கேட்கவில்லை. அடித்தது நான்தான்.

ஆறு மாசம் கழித்து அவன் திரும்பி வந்தான். கிளிக்கிங்குக்கு இனி லாயக்கில்லை. ஆனால் பேட்டர்ன் ரூமில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஷூவின் ஒவ்வொரு துண்டையும் எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைகிற அறை அது. அங்கே மாஸ்டராக இருந்த பாய்க்கு டில்லிபாபுவைத் தெரியும். கை நன்றாக இருந்த நாளிலேயே ஷிப்ட் முடிந்து போய் அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தவன். "இந்தப் பையன எனக்குக் குடுத்துடுங்க சார்" என்று அவனையும் கூட்டிக்கொண்டு பாயே வந்து கேட்டார். முதலாளி, பர்சனல் சரியென்றால் தனக்கும் சரி என்றுவிட்டார். ஆக, சாருடைய ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது கிடைத்தால் அவனுக்கு வேலை. கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு விரல் இல்லாதவனை இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனியிலும் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டார்கள்.

"கம்ப்யூட்டர் வேலைக்குக் கை வேகம் வேணும் பாய்" என்றார் சார்.

"ஜாஸ்தி வேகம் எதுக்கு சார்? கண்ணு கரெக்டா இருந்தா போதும். எடது கையில மவுஸ் நல்லாவே புடிக்கிறான்."

"டெஸ்ட் வெச்சிப் பாத்துடலாம். இவன் கேன்டீன்ல போன்ல செஸ் ஆடறானாமே? நாளைக்கு லஞ்ச்ல எங்கூட ஒரு நிமிஷ ஆட்டம் ஆடட்டும். கை ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது இன்னா டெஸ்ட் சார்? வரையற வேலைக்கும் செஸ்ஸுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஆடுனா ஆடட்டும். இல்லாட்டி விட்டுடலாம்."

"ஆடறேன் சார்" என்றான் டில்லிபாபு. வேறென்ன சொல்வான்?

அது செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சாயந்திரம் ஐந்து மணிக்கு, நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம், சார் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். 'இன்று நடத்தப்பட்ட கைவேகப் பரிசோதனையில் தாங்கள் தேர்ச்சி பெறாததால்...' என்று ஆரம்பித்தது.

"சார், டெஸ்ட் நாளைக்குத்தானே?" என்றேன்.

"நாளைக்கு ஷூ வாங்கற பையர் வர்றாங்க. எனக்கு நேரம் இருக்காது. இப்பவே அடிச்சி வெச்சிடு."

"ஒருவேளை அவன் ஜெயிச்சிட்டா?"

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அதிசயம். "ரெண்டு விரல் இல்லாதவன்மா" என்றார். அடித்த காகிதத்தை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் அதை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் கேன்டீனே ஒரு மேஜையைச் சுற்றி நின்றது. டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டில்லிபாபு போனை மேஜைமேல் கிடத்தி, இடது கை ஆள்காட்டி விரலைத் தயாராக வைத்துக்கொண்டான். வலது கையை மடியில் மறைத்துக்கொண்டான். எதிரே சார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான். கூடவே இருக்கச் சொல்லியிருந்தார், ஜெயிப்பதைப் பார்க்க ஆள் வேண்டாமா?

சார் சிப்பாயைத் தள்ளினார், மந்திரியை எடுத்தார். ராணியைப் போட்டு வைத்துவிட்டு, மேஜைமேல் தாளம் தட்ட ஆரம்பித்தார். டில்லிபாபு குதிரையை எடுத்து வைத்தான். ராணி போய்க் குதிரையின் எதிரே நின்றது. "அய்ய!" என்று யாரோ சொன்னது கேட்டது. டில்லிபாபு ராணியை வெட்டினான்.

அதற்குப் பிறகும் லேசாக இல்லை. பழக்கமில்லாத கை. ஒவ்வொரு காயையும் இழுப்பதற்குள் நேரம் ஓடியது. அதைச் சரிக்கட்ட அவன் ப்ரீமூவ் போட்டான். சார் அடுத்து எங்கே ஓடுவார் என்று பார்த்துவைத்து, அவர் யோசிக்கிற நேரத்தில் தன் விரலை நிதானமாக நகர்த்திக்கொண்டான். அந்த வசதி அவனுக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. பதினொரு நொடி மீதி இருக்கும்போது சாருடைய ராஜா மாட்டிக்கொண்டது. தயிர் சோற்றுக் கையோடு பெண்கள் கைதட்டினார்கள். எனக்கும் கை எழுந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இது செல்லாது" என்றார் சார். கைதட்டல் அடங்கும்வரைகூட அவர் பொறுக்கவில்லை. "ப்ரீமூவ் போட்டுட்டான். இது கை வேகம் கிடையாது, போன் வேகம். டெஸ்ட் கைக்குத்தான்."

"நீங்களும் போட்டீங்களே சார்?" என்றார் பாய்.

"டெஸ்ட் எனக்கு இல்லையே பாய்."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஒரு மனிதர் எப்படிச் சோறு தின்கிறார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சார் எழுந்து டில்லிபாபுவின் போனைத் தானே வாங்கி, ப்ரீமூவை அணைத்துக் கொடுத்தார். "ரெண்டு பேரும் அணைச்சிட்டு ஆடுவோம். அதுதான் நியாயம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு தன் போனை மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் தட்டியது வெறும் திரையை. எதையும் அணைக்கவில்லை.

பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இரண்டாவது ஆட்டத்திலும் டில்லிபாபுதான் நன்றாக ஆடினான். ஒரு யானை அதிகமாக வைத்திருந்தான். ஆனால் சாருடைய காய்கள் பறந்தன, இவன் விரல் ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைத்தால் ஒரு நொடி போய்விடும் என்று துடைக்கவில்லை. இன்னும் இரண்டு நகர்த்தலில் சார் மாட்டியிருப்பார். அவன் நேரம் தீர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா பாய்? கை ஓடல" என்றார் சார். என் பக்கம் திரும்பி, "லெட்டர் குடுத்துடும்மா" என்றார். பையர் வந்துவிட்டார்கள் என்று கிளம்பிப் போய்விட்டார்.

மணி அடித்து எல்லோரும் வேலைக்குப் போன பிறகு டில்லிபாபு என் மேஜைக்கு வந்தான். கடிதத்தைக் கேட்கவில்லை. போனை நீட்டினான்.

"அக்கா, ஆடி முடிச்ச ஆட்டம் எல்லாம் இதுல இருக்கும். ஒவ்வொரு மூவுக்கும் எவ்ளோ நேரம் ஆச்சின்னு காட்டும். சாரோடது பாருங்க. ஜீரோ, ஜீரோ, ஜீரோ. அவரு அணைக்கவே இல்லக்கா."

நான் அதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பக்கத்துலதானே ஒக்காந்துனு இருந்தீங்க?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கோபமாகச் சொல்லியிருப்பேன். மரியாதையாகக் கேட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. சாரைத் திட்டிக்கொண்டே நான்கு வருஷம் அவருக்கு வெறும் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவள் நான். டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தேன்.

மேலே செவ்வாய்க்கிழமைத் தேதி. அடிக்கிற நாளின் தேதியைப் போடுவது என் கைப்பழக்கம், போட்டிருக்கிறேன். கீழே 'இன்று நடத்தப்பட்ட பரிசோதனையில்' என்று இருக்கிறது. நடந்தது புதன்கிழமை. தேதியை மாற்றி வேறொன்று அடித்து, சாரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். அவர்தான் எதையும் படிக்க மாட்டாரே. அதைத்தான் அவர் என்னிடம் எதிர்பார்ப்பார் என்றும் தெரியும். நான் மாற்றவில்லை. அப்படியே கொடுத்தேன்.

"மேல இருந்து படிங்க டில்லிபாபு. தேதியையும் பாருங்க. பாத்துட்டு, லெட்டர் வாங்குனதுக்கு இந்த நோட்டுல கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அவன் படித்தான். மறுபடி மேலே போய்த் தேதியைப் பார்த்தான். "அக்கா..." என்றான்.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க. லேபர் ஆபீஸ் அஞ்சரை வரைக்கும் இருக்கும்."

இதை வீரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். வாயைத் திறந்திருக்க வேண்டியது கேன்டீனில்.

மூன்று வாரம் கழித்து லேபர் ஆபீஸிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சார் என்னையும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அங்கே ஆபீசர் ஒரு அம்மா. எதையும் அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறவர். டில்லிபாபுவும் பாயும் ஒரு பக்கம், சாரும் நானும் ஒரு பக்கம்.

"இந்த லெட்டர்ல போட்டிருக்கற தேதி..." என்று ஆரம்பித்தார் ஆபீசர்.

"கரெக்ட் மேடம்" என்றார் சார். "எங்க ஆபீஸ்ல தேதி மட்டும் தப்பவே தப்பாது. அன்னைக்கி டெஸ்ட், அன்னைக்கே லெட்டர்."

"அப்போ டெஸ்ட் நடந்தது..."

"அதே நாள்தான் மேடம். கேன்டீன்ல நூறு பேரு பாத்தாங்க."

ஆபீசர் தலையாட்டினார். டில்லிபாபுவின் போனை வாங்கி, ஆடிய இரண்டு ஆட்டங்களும் இருந்த பக்கத்தைத் திறந்து சாருக்கு முன்னால் வைத்தார். ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே நாளும் நேரமும் இருந்தது. "இதுல புதன்கிழமைன்னு இருக்கு. உங்க லெட்டர் செவ்வாய்க்கிழமை. ஆடறதுக்கு மொத நாளே இவரு எப்படி சார் தோத்தாரு?"

சார் போனைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டைப்பிங் மிஸ்டேக் மேடம்" என்றார். "இந்தம்மாதான் அடிச்சது. தேதிய மாத்திப் போட்டுட்டாங்க. கேளுங்க."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அடிச்சீங்களா? எப்போம்மா அடிச்சீங்க?"

எனக்கும் வேலை முக்கியம்தான். வீட்டில் நான் கொண்டுபோகும் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். எதிரே டில்லிபாபு வலது கையை மேஜைமேல் வைத்திருந்தான். இந்தத் தடவை மறைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கி மேடம்" என்றேன். "மிஸ்டேக் இல்ல. டெஸ்ட் நாளைக்குத்தானே சார்னு கேட்டேன். இப்பவே அடிச்சி வெச்சிடுன்னு சொன்னாரு. ரெண்டாவது ஆட்டத்துல சார் ப்ரீமூவ அணைக்கல. அதையும் பாத்தேன்."

நான் கடைசி வார்த்தையை முடித்த மறுநொடி சார் ஆபீசரைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தீங்களா மேடம்? மிஸ்டேக்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

பாய் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவங்க அப்படிச் சொல்லலையே சார்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை டில்லிபாபு பேட்டர்ன் ரூமில் சேர்ந்தான். அதே நாள் என்னைப் பேக்கிங் செக்ஷனுக்கு மாற்றி மெமோ வந்தது. என்னை விட்டால் அடித்துக் கொடுக்க ஆள் இல்லாததால் சாரே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டியிருந்தார். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தேன். ஏழு எழுத்துப் பிழை இருந்தது. என் பெயரே தப்பு. தேதி மட்டும் சரியாக இருந்தது.